அப்பாவின் நேரத்துக்கு விலை என்ன?



போன பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போனோம். நாலு பேருக்கு டிக்கெட், சாப்பாடு, பெட்ரோல், டோல் எல்லாம் சேர்த்து 400 வெள்ளியைத் தொட்டுவிட்டது. அந்தப் பணத்துக்காக நான் மூணு சனிக்கிழமை ஓட்டி செஞ்சிருந்தேன். "பிள்ளைங்களுக்காகத்தானே" என்று மனசைத் தேத்திக்கிட்டுதான் வேலைக்குப் போனேன்.

திரும்பி வரும்போது ராத்திரி மணி ஒன்பது. சிம்பாங் அம்பாட் டோலைத் தாண்டி கொஞ்ச தூரம் வந்ததும் டயர் பஞ்சர். ஒரு கடை வாசலில் விளக்கு வெளிச்சம் பார்த்து வண்டியை ஓரங்கட்டினேன். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீங்க. முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கியை வைத்தேன். அப்போது என் மகள், ஆறு வயசு, தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்து பக்கத்தில் குந்தினாள். "அப்பா, நான் ஏதாச்சும் புடிச்சிக்கிறேன்" என்றாள். வேற வழி இல்லாமல், கழற்றிய நாலு நட்டையும் அவள் கையில் கொடுத்தேன். ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து, பிரசாதம் வாங்குகிற மாதிரி வைத்துக்கொண்டாள். நான் கேட்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

மறுநாள் என் அப்பா போன் செய்து, "எங்கடா கண்ணு போனீங்க? எது ரொம்ப புடிச்சிருந்துச்சு?" என்று கேட்டார். சறுக்கு மரத்தைச் சொல்வாள், அலைக்குளத்தைச் சொல்வாள் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் சொன்னாள்: "டயர் மாத்தினது, தாத்தா. நான்தான் நட்டு புடிச்சேன்."

அந்தப் பதில் பல நாள் என்னை விடவில்லை. மூணு சனிக்கிழமையை விற்று நான் வாங்கிக் கொடுத்தது அவளுக்கு இரண்டாம் பட்சம். நான் சபித்துக்கொண்டே கொடுத்த இருபது நிமிஷம்தான் முதல். அப்படியென்றால் ஒரு தகப்பன் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது என்ன? பணம் இல்லாதவன் அதைக் கொடுக்க முடியுமா? பணம் இருப்பவன் அதைக் கொடுக்காமல் தப்பிக்க முடியுமா? இதைத்தான் உங்களோடு பேசலாம் என்று நினைக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, தெரியும். ஆனால் எல்லாருக்கும் ஒரு அப்பா உண்டு, அல்லது அப்பா இல்லாத ஒரு குறை உண்டு. அதனால் இது எல்லாருக்கும் உரிய கேள்விதான்.

ஒரு மணி நேரம், 12 வெள்ளி 26 காசு

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. இது 2025 பிப்ரவரியில் தொடங்கி, ஆகஸ்டிலிருந்து சிறிய முதலாளிகளுக்கும் கட்டாயமானது. இதை 26 நாளுக்கும் எட்டு மணி நேரத்துக்கும் வகுத்து, ஓட்டிக்கு உரிய ஒன்றரை மடங்கால் பெருக்கினால், சாதாரண நாளில் ஒரு மணி நேர ஓட்டிக்கு 12 வெள்ளி 26 காசு வருகிறது. சட்டப்படி மாதத்துக்கு 104 மணி நேரம் வரை ஓட்டி செய்யலாம். அதை முழுசாகச் செய்கிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். வீட்டுக் கடன், கார் கடன், பிள்ளையின் பாலர்பள்ளிக் கட்டணம் என்று தலைக்கு மேல் இருக்கும்போது அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆனால் அந்த 12 வெள்ளி எதற்கு விலை? ஃபேக்டரியில் நான் நிற்கிற இடத்துக்கு. நான் வரவில்லை என்றால் சூப்பர்வைசர் இன்னொருவரை அந்த இடத்தில் நிறுத்துவார். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. ஜெர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ட், 1785இல் எழுதிய ஒரு நூலில், விலை உள்ள பொருளையும் விலைக்கு அப்பாற்பட்டதையும் பிரிக்கிறார். விலை உள்ளது என்றால் அதன் இடத்தில் அதற்குச் சமமான வேறொன்றை வைக்க முடியும். சமமாக எதையுமே வைக்க முடியாதது விலையைக் கடந்தது. அவர் மனிதனின் மாண்பைப் பற்றிச் சொன்னார். நான் அதை என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறேன். ஃபேக்டரியில் எனக்குப் பதில் ஆள் உண்டு. அந்த ராத்திரி நட்டு பிடித்தவளுக்கு, டயர் மாற்றிய ஆளுக்குப் பதில் ஆள் கிடையாது.

இதை ரத்த சம்பந்தமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருவில்லிபுத்தூரில் துளசிச் செடியின் கீழே கிடைத்த குழந்தையை எடுத்து வளர்த்தவர் பெரியாழ்வார். அந்தக் குழந்தைதான் ஆண்டாள். பெற்றவரா என்று யாரும் கேட்பதில்லை, ஆண்டாளின் தகப்பன் என்றால் அவர்தான். மாமா, சித்தப்பா, தாத்தா, தனியாளாக வளர்க்கிற அம்மா, யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நிற்கிறவருக்கு இந்தப் பேச்சு பொருந்தும்.

தோட்டத்து அப்பாக்கள்

"அந்தக் காலத்தில் காசு இல்லை, ஆனா பாசம் இருந்துச்சு" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

மலாயாவில் வணிகத்துக்கான முதல் ரப்பர் தோட்டம் நம் மலாக்காவில்தான் போடப்பட்டது. 1896, புக்கிட் லிந்தாங், போட்டவர் தான் சாய் யான். அதற்குப் பிறகு அலோர் காஜா, பூலாவ் செபாங், சிம்பாங் அம்பாட் சுற்றுவட்டாரம் எங்கும் கித்தா மரம் நின்றது. அந்த மரத்தடியில் நம் ஆட்கள் நின்றார்கள். என் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்தான். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போகணும். குளிர் நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். பிள்ளைகளைத் தூக்கத்தோடு ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, மத்தியானத்துக்கு மேல் வீடு வந்துவிடுவார்கள்.

அப்படியென்றால் சாயங்காலம் முழுவதும் அவர்களுக்கு நேரம் இருந்தது. அந்த நேரம் எங்கே போனது? பல லயத்து வீடுகளில் அது கள்ளுக்கடைக்குப் போனது. உழைப்பின் வலியும் அவமானமும் அதற்குக் காரணம் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் உண்மையை மறைக்கக் கூடாது. வறுமை தானாக ஒருவனை நல்ல தகப்பனாக ஆக்கிவிடாது. கையில் நேரம் இருந்தால் மட்டும் போதாது, அதைத் திருப்ப வேண்டிய பக்கம் திருப்பணும்.

என் அப்பா அதிகம் பேசமாட்டார். என்னைத் தூக்கிக் கொஞ்சியதாக ஞாபகம் இல்லை. விளையாட்டுச் சாமான் என்று எதையும் வாங்கிக் கொடுத்ததில்லை. கித்தாக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, அடுத்தவன் கையில் சூடு வைப்பதுதான் எங்கள் விளையாட்டு. ஆனால் தினமும் சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்து, பால்வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்டுவார். கல்லில் தண்ணி ஊத்துகிற வேலை என்னுடையது. ஒரு டின்னிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊத்தணும். அதிகமா ஊத்தினால் "மெதுவாய்யா" என்பார். அவ்வளவுதான் பேச்சு. நான் வரவில்லை என்றால் தீட்டாமல் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பை நான் பெரியவனானதும்தான் புரிந்துகொண்டேன். அவருக்குத் தண்ணி ஊத்திக்கொள்ளத் தெரியாதா என்ன?

டயர் நட்டும் அந்த டின்னும் ஒன்றுதான். பிள்ளைக்கு வேண்டியது வேடிக்கை மட்டுமில்லை. "நீ இல்லாமல் இந்த வேலை நடக்காது" என்று ஒரு பெரியவர் சொல்வதும் அதற்கு வேண்டும். அதற்குக் காசு தேவையில்லை, பொறுமைதான் தேவை.

கடனா, கொடையா?

இப்போது நெறி பற்றிய கேள்விக்கு வருவோம். தகப்பன் பிள்ளைக்குக் கொடுக்கும் நேரம் கடனா, கொடையா?

கொடை என்றால், கொடுக்கிறவன் மனசு வைத்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் விடலாம். பிள்ளை நன்றியோடு வாங்கிக்கொள்ளணும். "உனக்காக எவ்வளவு செஞ்சேன் தெரியுமா" என்று பிற்காலத்தில் சொல்லிக்காட்டும் அப்பாக்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். புறநானூற்றில் பொன்முடியார் பாடிய ஒரு பாட்டு, வீட்டிலும் நாட்டிலும் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையை வகுக்கிறது. அதில் பிள்ளையை நற்பண்பு நிறைந்தவனாக்கும் பொறுப்பு தகப்பனுடையது. அவர் சொன்னது கடமை, தயவு இல்லை. ஆகவே கொடை என்பது சரியில்லை.

சரி, கடன் என்றால்? கடனுக்கு ஒரு முடிவு உண்டு. கார் கடனை ஒன்பது வருஷத்தில் அடைத்துவிடலாம். ஆகஸ்டில் ஒரு தடவை பூங்காவுக்குக் கூட்டிப்போய், "இந்த வருஷக் கணக்கு முடிஞ்சது" என்று சொல்ல முடியுமா? நான் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நம் சமயத்தில் இதற்கு மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. கோயிலில் நித்திய பூசை என்று ஒன்று உண்டு, நைமித்திக பூசை என்று ஒன்று உண்டு. நைமித்திகம் திருவிழா. மாசி மகத்துக்கு மலாக்கா செங்கில் உள்ள சன்னாசிமலைக்கு எவ்வளவு கூட்டம் வருகிறது என்று பார்த்திருப்பீர்கள். நித்தியம் என்பது தினமும் நடக்கிற பூசை. கூட்டம் இருக்காது, மேளம் இருக்காது, சில நாள் குருக்களும் விளக்கும் மட்டும்தான். நித்திய கருமத்தைப் பற்றி நம் பெரியவர்கள் சொன்ன ஒரு நுட்பம் உண்டு. அதைச் செய்வதால் தனியாக ஒரு புண்ணியம் கணக்கில் ஏறாது, ஆனால் செய்யாமல் விட்டால் குற்றம். தினசரி விளக்கு அணைந்த கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை தேர் இழுத்து என்ன பயன்?

பிள்ளையோடு இருக்கும் நேரம் நித்திய பூசை. பெருமை பேச அதில் ஒன்றுமில்லை. ஃபேஸ்புக்கில் போடப் படமும் கிடைக்காது. பூங்காப் பயணம் நைமித்திகம். முடிந்தால் செய்யலாம், முடியாவிட்டாலும் பாவமில்லை. நாமோ விளக்கை மறந்துவிட்டுத் தேருக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் இன்னொன்றையும் சொல்லணும். இதைத் தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர், பிள்ளையின் சின்னக் கை துழாவிய கூழ் அமுதத்தைவிட இனிக்கும் என்கிறார். இனிப்பது யாருக்கு? அதைச் சாப்பிடும் பெற்றவருக்கு. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி, சோற்றைத் தொட்டும் கவ்வியும் மேலெல்லாம் பூசியும் மயக்குகிற பிள்ளை இல்லாதவருக்கு வாழ்நாளே வீண் என்கிற பொருளில் பாடுகிறான். பாடியவன் ஒரு ராஜா. அவனுக்கு இல்லாத செல்வமா? அவன் பெரிசாகச் சொன்னது பிள்ளை சிந்தின சோற்றைத்தான்.

செலவில்லாத பத்துப் பருவம்

பிள்ளைத்தமிழ் தெரியும்தானே? தெய்வத்தையோ தலைவனையோ குழந்தையாக வைத்துப் பத்துப் பருவமாகப் பாடுவது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்குக் கடைசி மூன்று மாறி அம்மானை, கழங்கு, ஊசல் போன்றவை வரும்.

ஒரு நாள் ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது இந்தப் பட்டியல் மனசில் ஓடியது. தாலாட்டுப் பாடுவது, கை தட்ட வைப்பது, முத்தம் கேட்பது, "வா வா" என்று நடக்க வைப்பது, நிலாவைக் கூப்பிடுவது, மணல் வீடு, சின்னப் பறை, சின்னத் தேர். இதில் எதற்குக் காசு வேணும்? கடவுளைக் குழந்தையாக நினைத்தபோதுகூட நம் புலவர்களுக்குக் காசு செலவாகிற விளையாட்டு தோன்றவில்லை. இன்னொரு விஷயம், கண்ணனைக் குழந்தையாக்கி யசோதை குரலில் தாலாட்டியவர் பெரியாழ்வார். ஒரு ஆண். தாலாட்டு அம்மா வேலை, நமக்கு எதுக்கு என்று மீசையை முறுக்குகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

நான் செய்து பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

அம்புலி. மகளோடு வாசலில் நின்று தினமும் நிலாவைப் பார்த்து ஒரு பழைய நோட்டில் வரைகிறோம். மழை நாளில் கட்டத்தைக் காலியாக விடுவோம். அமாவாசையிலிருந்து பதினோராம் நாள் ஏகாதசி, அதற்குப் பிறகு பௌர்ணமி என்று அவளே எண்ணிச் சொல்கிறாள். பஞ்சாங்கம் அவளுக்கு இப்போது பாடம் இல்லை, வானம்.

சிற்றில். மாதத்தில் ஒரு ஞாயிறு பெங்காலான் பாலாக் கடற்கரை. வீட்டிலேயே சோறு கட்டிக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு போவோம். பெட்ரோல் மட்டும்தான் செலவு. முதல் தடவை நாலு வயசு மகன் கண்ணில் மணல் விழுந்து ஒரே அழுகை, அரை மணியில் திரும்பிவிட்டோம். எல்லா நாளும் நல்லபடியாக நடந்துவிடாது.

சிறுபறை. மைலோ டின்னும் ரெண்டு குச்சியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

சிறுதேர். பெட்டி அட்டை, நாலு பாட்டில் மூடி, கயிறு. சுவாமி மகன் விளையாடுகிற டைனோசர். நான் வடம் பிடித்தேன்.

தென்னை ஓலையில் பீப்பியும் காத்தாடியும் செய்யச் சொல்லிக் கொடுத்தது என் அப்பா. எனக்கே மறந்துபோயிருந்தது. பாசார் மாலாமில் ஆளுக்கு ஐந்து வெள்ளி, என்ன வாங்குவது என்று அவர்களே முடிவு செய்யணும். ஞாயிறு காலை தோசை ஊற்றுவது நாங்கள் மூணு பேரும், அம்மாவுக்கு ஓய்வு. வெள்ளிக்கிழமை சாமி விளக்குக்குத் திரி திரிப்பது மகன் வேலை. திரி கோணலாகத்தான் இருக்கும், ஆனாலும் எரிகிறது.

இதிலெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றுதான், கைப்பேசி. உடம்பு வாசலில் இருக்கும், கண் திரையில் இருக்கும். ஒரு நாள் மகள் பேசப் பேச நான் "ம்... ம்..." கொட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். சுவாமிமலைக் கதை அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் அறிந்த சிவபெருமான், மகன் சொல்வதைக் கேட்கத் தலையைத் தாழ்த்திக் காது கொடுத்தார். அதனால்தான் முருகன் சுவாமிநாதன் ஆனான். தகப்பன் குனிந்து கேட்டதுதான் பிள்ளைக்குப் பெருமை தந்தது. குனிவதற்கும் காசு வேண்டாம்.

ஒரு தம்பி கேட்ட கேள்வி

இதை எங்கள் இளைஞர் கூட்டத்தில் பேசியபோது ஒரு தம்பி எழுந்தார். "அண்ணே, நீங்க தினமும் வீட்டுக்கு வர்றீங்க, பேசுறீங்க. நான் சிங்கப்பூர்ல வேலை. மாசத்துக்கு ரெண்டு தடவைதான் மகனைப் பார்க்கிறேன். அப்போ நான் மோசமான அப்பாவா?" என்றார். சபை அமைதியாகிவிட்டது. என்னிடம் பதில் இல்லை. நித்திய பூசை என்று நான் பெரிசாகச் சொன்னது அவரைக் குத்தியிருக்கிறது.

உண்மையைச் சொன்னால், எல்லாத் தகப்பனுக்கும் ஒரே அளவு நேரம் கிடைப்பதில்லை. அதற்குத் தனி மனிதன் மட்டும் காரணமில்லை. 2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டுச் சட்டம் வார வேலை நேரத்தை 48இலிருந்து 45 மணியாகக் குறைத்தது. குழந்தை பிறந்தால் தகப்பனுக்குத் தொடர்ந்து ஏழு நாள் சம்பள விடுப்பும் வந்தது. அம்மாவுக்கு 98 நாள், அப்பாவுக்கு ஏழு. இது போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிடைத்ததைக்கூடக் கேட்டு வாங்காதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 12 மாதம் வேலை செய்திருக்கணும், பிரசவத்துக்கு 30 நாள் முன்னமே சொல்லணும். கல்யாணம் ஆகப்போகிற தம்பிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்து அந்தத் தம்பியே பதிலோடு வந்தார். மகனிடம், "நான் வர்ற வரைக்கும் எனக்கு ஒரு வேலை மிச்சம் வை" என்று போனில் சொல்வாராம். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போடுவது, உடைந்த பொம்மையை ஒட்டுவது என்று பையன் ஒன்றை எடுத்து வைத்திருப்பானாம். ரெண்டு வாரமும் அவன் அதைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறான். என் அப்பா கத்தியோடு எனக்காகக் காத்திருந்தார், இங்கே பிள்ளை அப்பாவுக்காக வேலையோடு காத்திருக்கிறது. தூரத்தில் எரிந்தாலும் விளக்கு விளக்குதான். நான் அவரிடம் கற்றுக்கொண்டேன்.

முடிவாக

நான் இப்போது மாதத்தில் ரெண்டு சனிக்கிழமை ஓட்டியை விட்டுவிட்டேன். கையில் வருவது குறைந்தது, பொய் சொல்லவில்லை. அஸ்ட்ரோவை நிறுத்தினோம். வெளியே சாப்பிடுவதைக் குறைத்தோம். சில மாதம் இழுபறிதான். எல்லாரும் இப்படிச் செய்யணும் என்று நான் சொல்லமாட்டேன், அவரவர் கடன் அவரவருக்குத்தான் தெரியும். விற்கிற ஒவ்வொரு மணி நேரத்தையும், யாருக்கு உரியதை விற்கிறோம் என்று தெரிந்து விற்றால் போதும்.

இப்போது என் அப்பா எங்களோடு இருக்கிறார். மரம் வெட்டுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஆனால் வீட்டு அரிவாளையும் காய்கறிக் கத்தியையும் அவர்தான் தீட்டுகிறார். போன வாரம் வாசலில் கல்லைப் போட்டு உட்கார்ந்தவர் தீட்டாமல் சும்மாவே இருந்தார். "என்னப்பா?" என்றேன். "பாப்பா வரட்டும்யா, தண்ணி ஊத்தணும்ல" என்றார்.

தம்பி தங்கைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருந்தால், அண்ணன் பிள்ளையோ அக்கா பிள்ளையோ, நீங்கள் செய்கிற வேலையில் ஒரு பங்கை அதன் கையில் கொடுங்கள். வேலை தாமதமாகும். ஆகட்டும். அப்படியே உங்கள் அப்பா வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தால், அவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று பக்கத்தில் போய்க் கேளுங்கள்.